கேமரா எஃப்4 என்று காட்டியது, நானும் நம்பிவிட்டேன்

பறவைப் படம் எடுக்கப் பழைய டெலி லென்ஸும், அதோடு லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி எட்டும் தூரத்தைக் கூட்டும் ஒரு டெலிகன்வர்ட்டரும் வாங்கலாம் என்று காசு சேர்த்து வைத்திருப்பவர்கள், குறிப்பாக இந்த சீசனுக்கு எங்கள் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரத் திட்டம் போட்டிருப்பவர்கள், பணத்தை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்தக் கடையை மட்டும் தவிர்த்துவிட்டு, இதே கதையைச் சொல்லும் வேறு கடையில் போய் நிற்பீர்கள்.

முதலில் என் வெட்கக்கேடு. நான் காரைக்குடிக்காரன். முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளுக்குள் ஓடி விளையாடி வளர்ந்தவன். எனாமல் தூக்குவாளியைக் கையில் வாங்கி ஒரு சுண்டு சுண்டினாலே அது அசலா, நேற்று எங்கேயோ செய்து பழசாக்கியதா என்று சொல்லிவிடுவார் என் மாமா. பர்மா தேக்கு என்று சொல்லி வேறு மரத்தை விற்க வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பிய குடும்பம். அந்தக் குடும்பத்தில் பிறந்த நான், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடி வளையத்துக்கு 14,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5600. இரண்டு வருடமாக 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊருணிக் கரையில் உட்காரும் மீன்கொத்திக்கு அது போதும். வேட்டங்குடியில் போதாது. போனவர்களுக்குத் தெரியும்: திருப்பத்தூர் தாண்டி மதுரை ரோட்டில், கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களையும் வேட்டங்குடிப்பட்டிக் கண்மாயையும் சேர்த்து 1977இல் சரணாலயமாக்கினார்கள். பறவைகள் கூடு கட்டுவது தண்ணீருக்கு நடுவே நிற்கும் கருவேல மரங்களில். நாம் நிற்பது கரையில். தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் அந்தப் பறவைகளைப் பார்த்துக்கொள்கிற ஊர் அது. படத்துக்காகக் கண்மாய்க்குள் இறங்கி நடப்பதெல்லாம் நினைத்தும் பார்க்கக் கூடாது. ஆக, எட்டுவதற்கு லென்ஸ்தான் நீள வேண்டும்.

மதுரையில் செகண்ட் ஹேண்ட் கேமரா சாமான் விற்கும் ஒரு கடையில் 300 எஃப்4 லென்ஸ் இருப்பதாகத் தெரிந்தது. 300 என்பது எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கான மில்லிமீட்டர் கணக்கு. எஃப் எண் வெளிச்சத்துக்கு, அது சின்னதாக ஆக வெளிச்சம் கூடும். விலை 48,000. பழைய மாடல், ஆனால் நல்ல லென்ஸ். அதில் எனக்கு இன்றுவரை குறையில்லை. வாட்ஸ்அப்பில் பேசும்போதே அந்தப் பையன் தூண்டிலைப் போட்டுவிட்டான்: “அண்ணே, கூடவே டூ எக்ஸ் கன்வர்ட்டர் ஒண்ணு இருக்கு, 14க்குத் தர்றேன். 300 அப்படியே 600 ஆயிடும்.” லைட் குறையுமே தம்பி என்று கேட்டேன். அந்த அளவுக்கு எனக்கும் காதில் விழுந்திருந்தது. பதில் வாய்ஸ் மெசேஜில் வந்தது. “அதெல்லாம் பழைய கன்வர்ட்டர்லண்ணே. இதுல எஃப்4 அப்படியே இருக்கும்.” அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருந்தது மட்டும்தான் இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

கடைக்குப் போனது மதியம் ஒரு மணிக்கு. நல்ல வெயில். என் கேமராவிலேயே மாட்டிக் கொடுத்தான். எதிர்ச் சாரியில் ஒரு பெயர்ப் பலகை, வெள்ளையில் கறுப்பு எழுத்து. டக்கென்று ஃபோகஸ் பிடித்தது. “இப்ப டிஸ்ப்ளேயைப் பாருங்கண்ணே” என்றான். பார்த்தேன். எஃப்4 என்றுதான் இருந்தது. “உங்க கேமராவே சொல்லுது, நான் சொல்லல. 600ஐ ஒன்றரையால பெருக்குங்க, கிராப் பாடி இல்லையா, 900 வருது. 600 எஃப்4 புதுசு வாங்கப் போனா பத்து லட்சத்துக்கு மேல.” என்னுடையது மாதிரி சென்சார் சின்னதாக இருக்கும் கேமராவைத்தான் கிராப் பாடி என்பார்கள். நான் பெருக்கிப் பார்த்தேன். வகுத்துப் பார்த்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் நாள் காலை ஆறே முக்கால். மார்கழி மூட்டம். கண்மாய்க் கரையில் நின்று நத்தைகுத்தி நாரை ஒன்றைக் குறி வைக்கிறேன். லென்ஸ் முன்னே போகிறது, பின்னே வருகிறது, மறுபடி முன்னே போகிறது, வ்யூஃபைண்டரில் நாரை பஞ்சாகி, மேகமாகி, ஒன்றுமில்லாமல் போகிறது. அது பறந்து போய் எதிர் மரத்தில் உட்கார்ந்த பிறகு இங்கே டிக் என்று சத்தம் வருகிறது. கரையில் மாட்டோடு நின்றிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, “என்னப்பா, பறவை போன பெறகுதான் ஒன் பெட்டி சத்தம் போடுது” என்றார்.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நத்தைகுத்தி நாரையின் அடையாளமே அதன் அலகுதான். மூடினாலும் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும், அதன் வழியாகப் பின்னால் இருக்கும் வானம் தெரியும். என் நாற்பது படங்களில் ஒன்றில்கூட அந்தச் சந்து இல்லை. அலகு ஒரு சாம்பல் குச்சி. இறகெல்லாம் நனைந்த பஞ்சு.

கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தேன். கடைக்குப் போன் செய்தேன். “600ன்னா சும்மாவாண்ணே, டெக்னிக் பழகணும். ஒரு மோனோபாட் போடுங்க” என்றான். அந்த ஒற்றைக்கால் தாங்கியையும் அவனிடமே 3,200க்கு வாங்கினேன். சிரிக்காதீர்கள். அடுத்த இரண்டு வாரமும் கம்பத்தோடு போய் அதே பஞ்சை எடுத்து வந்தேன்.

உண்மை தெரிந்தது ஒரு சுவரில். எங்கள் பக்கத்து வளவு வீடு பழைய செட்டிநாட்டுக் கட்டடம், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து வழவழவென்று பூசிய சுவர். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெள்ளை. சாயங்காலம் நிழல் விழுந்த நேரத்தில், ஃப்ரேம் முழுக்கச் சுவர் மட்டும் தெரிகிற மாதிரி நின்றேன். ஐ.எஸ்.ஓ. 400, அப்பெர்ச்சர் மோடில் எஃப்4. இந்த மோடில் எஃப் எண்ணை நாம் வைப்போம், ஷட்டர் ஸ்பீடைக் கேமராவே வெளிச்சத்தை அளந்து போடும். கன்வர்ட்டர் இல்லாமல் 1/1600 காட்டியது. கன்வர்ட்டரை நடுவில் மாட்டிவிட்டு அதே சுவரை அடுத்த நிமிடமே பார்த்தேன். டிஸ்ப்ளேயில் அதே எஃப்4. ஷட்டர் ஸ்பீடு 1/400.

நாலில் ஒரு பங்கு. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது, அதாவது இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போயிருக்கிறது. எஃப்4 என்று கேமரா சொன்னாலும், உள்ளே வந்துகொண்டிருப்பது எஃப்8 வெளிச்சம். டிஸ்ப்ளே எண்ணுக்கு யாரோ எழுதிக்கொடுத்தது போதும். ஷட்டர் ஸ்பீடு உள்ளே வந்த வெளிச்சத்தை அளந்து வருவது, அதை ஏமாற்ற முடியாது.

சூட்சுமம் இதுதான். லென்ஸில் இருக்கும் சிப், நான் 300, நான் எஃப்4 என்று கேமராவுக்குச் சொல்கிறது. கேமரா கம்பெனியின் சொந்தக் கன்வர்ட்டர் நடுவில் இருந்தால் அது கணக்கைத் திருத்தி 600, எஃப்8 என்று சொல்லிவிடும். வெளிக் கம்பெனிக் கன்வர்ட்டர்களில் சிலது லென்ஸ் சொல்வதை அப்படியே கடத்திவிடும், நடுவில் தான் ஒருத்தன் உட்கார்ந்திருப்பதையே சொல்லாது. நான் வாங்கியது அந்த ரகம். அந்த மாதிரி கன்வர்ட்டர் இருப்பது மோசடி இல்லை, தெரிந்து வாங்குகிறவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்தத் தப்பு எண்ணைச் சுட்டிக்காட்டி, இதுதான் சாட்சி என்று விற்றதுதான் மோசடி.

வகுக்க வேண்டிய கணக்குக்கு வருகிறேன். 300ஐ 4ஆல் வகுத்தால் 75. எஃப்4 என்றால் அந்த லென்ஸின் வெளிச்ச வாசல் 75 மில்லிமீட்டர் அகலம், அவ்வளவுதான் அர்த்தம். பின்னால் எந்தக் கண்ணாடியை மாட்டினாலும் முன்வாசல் அகலமாகாது. 600ஐ அதே 75ஆல் வகுங்கள், 8 வரும். எந்தக் கம்பெனி டூ எக்ஸ் ஆனாலும் இரண்டு ஸ்டாப் போகும், 1.4 எக்ஸ் ஆனால் ஒரு ஸ்டாப் போகும். இதில் பழைய கன்வர்ட்டர், புதுக் கன்வர்ட்டர் என்ற பேச்சே கிடையாது. 900 என்பதும் அப்படித்தான். கிராப் சென்சார் படத்தின் ஓரத்தை வெட்டுகிறது, லென்ஸை நீட்டுவதில்லை.

ஃபோகஸ் ஏன் அலைந்தது? என் டி5600 மாதிரி டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் எஃப்5.6 வரைதான் என்று கணக்கு. டி7200, டி500 மாதிரி மேல் மாடல்களில் நடு ஃபோகஸ் பாயிண்டோ சில பாயிண்டுகளோ எஃப்8க்கும் பிடிக்கும். மிரர்லெஸ் இன்னும் இருட்டிலும் பிடிக்கும். சொந்தக் கம்பெனிக் கன்வர்ட்டராக இருந்தால் எஃப்8 என்று கேமராவுக்காவது தெரிந்திருக்கும். இங்கே எஃப்4 என்று நம்பிக்கொண்டு அது பாவம் தேடிக்கொண்டே இருந்தது. மதியம் ஒரு மணி வெயிலில் கறுப்பு வெள்ளை எழுத்தை எப்படியோ பிடித்துவிட்டது. மார்கழிக் காலையில், சாம்பல் வானத்துக்கு முன்னால் நிற்கும் சாம்பல் நிறப் பறவையைப் பிடிக்கவில்லை. கடைக்காரன் மதியம் வரச் சொன்னது தற்செயலா என்று இப்போது யோசிக்கிறேன்.

அதே ராத்திரி இன்னொன்றும் பார்த்தேன். கன்வர்ட்டரைக் கழற்றி, ஒரு பக்கம் மொபைல் டார்ச்சை அடித்து மறுபக்கம் சாய்வாகப் பார்த்தால், ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி நாலைந்து இழை. பூஞ்சை. இதை வாங்கும்போதே பார்த்திருக்கலாம், பத்து விநாடி வேலை.

கன்வர்ட்டர் என்றாலே தண்டம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஊர் சிக்ரி ஆராய்ச்சி நிலையத்துப் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் தன் 1.4 எக்ஸைக் கொடுத்தார், கேமரா கம்பெனியின் சொந்தத் தயாரிப்பு. 300 எஃப்4 அதில் 420 எஃப்5.6 ஆகிறது, என் கேமராவின் எல்லைக்குள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எடுத்த முதல் படத்திலேயே அலகுச் சந்தில் வானம் தெரிந்தது. இன்னொரு கூத்து: கன்வர்ட்டரே இல்லாமல் 300இல் எடுத்து, நடுவில் கால் பங்கை மட்டும் வெட்டினால் 24 மெகாபிக்சலில் 6 மிஞ்சும். அந்த 6 மெகாபிக்சல் படம், 14,000 ரூபாய்க் கன்வர்ட்டர் போட்டு எடுத்த முழுப் படத்தைவிடத் தெளிவாக இருந்தது.

அப்புறம் பணம். கடைக்குப் போன் செய்தால், “வித்த சாமானைத் திருப்பி எடுக்கிறதில்லைண்ணே, போர்டே மாட்டியிருக்கோமே.” ஆறு மாத வாரண்டி என்றாயே? “அது லென்ஸுக்கு.” கையில் இருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். மேலே எஸ்டிமேட் என்று இருந்தது, பில் இல்லை. ஜி.எஸ்.டி. எண் இல்லை, கன்வர்ட்டரின் சீரியல் நம்பர் இல்லை. “கேமரா சாமான் - 2” என்று எழுதி மொத்தமாக 62,000. நான் அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஆனால் பணம் போனது யு.பி.ஐ.யில், கடைக் கணக்குக்கு. வாய்ஸ் மெசேஜும் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், 5 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனுப் போடலாம் என்பதையும் படித்து வைத்துக்கொண்டேன். புகார் எண், சுவர் டெஸ்ட் எடுத்த இரண்டு போட்டோ, அவனுடைய குரலே பேசும் மெசேஜ், மூன்றையும் கடை நம்பருக்கு அனுப்பினேன். சாயங்காலம் முதலாளியே பேசினார். இதுவரை “அண்ணே” என்று கேட்ட கடையில் இப்போது “சார்”. கன்வர்ட்டரைக் கொண்டு வாங்க சார், 9,000 தர்றோம், முடிச்சுக்குவோம். ஆணையம் வரை இழுத்திருந்தால் முழுசும் வந்திருக்கலாம். எனக்கு அலைய நேரமில்லை, வாங்கிக்கொண்டேன். மோனோபாட் இன்னும் வீட்டில் இருக்கிறது, கொடிக்கயிறு தாங்குகிறது.

இதோடு விட்டிருப்பேன். நான் திருப்பிக் கொடுத்த கன்வர்ட்டரில் ஒரு அடையாளம் உண்டு. மாட்டும் இடத்தில் உள்ள வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்தில் பிறை மாதிரி ஒரு சின்னக் கீறல், அவசரத்தில் நான் போட்டது. முந்தாநாள் அந்தக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு டூ எக்ஸ் கன்வர்ட்டர் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பிறைக் கீறல் அதே இடத்தில் இருக்கிறது. கீழே எழுதியிருக்கிறார்கள்: வேட்டங்குடி சீசன் ஸ்பெஷல், எஃப்4 குறையாது, 15,000.