கொம்புப்புழுவோடு இரண்டு வருடம்

எங்கள் பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லிக்குத் தீனியாக ஹார்ன்வோர்ம் எனப்படும் கொம்புப்புழுவை வளர்க்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. பின்பக்கம் ஒற்றைக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும் புகையிலைப் புழு இது. கொம்பு பார்க்கத்தான் பயம், குத்தாது.

இதை வளர்ப்பதில் பாதி வேலை புழுக்கை அள்ளுவதுதான். ஓயாமல் தின்னும், அதே அளவுக்குக் கழிக்கும். முதல் மாதம் தீனியைப் புழு வளர்க்கும் கோப்பையின் அடியில் போட்டு வைத்தேன். புழுக்கை தீனியின் மேலேயே விழுந்து, ஈரம் ஏறி, பூஞ்சை பிடித்து, புழுக்கள் கறுத்துக் கூழாகிச் செத்தன. ஒன்று கறுத்தால் அன்றே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மற்றதும் போகும். இப்போது கோப்பையைக் கவிழ்த்து வைக்கிறேன். தீனி மேலே ஒட்டியிருக்கும், புழுக்கள் கோப்பைக்குள் வைத்த வலையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கித் தின்னும், புழுக்கை கீழே மூடியில் விழும். தினமும் மூடியைத் துடைத்தால் போதும்.

தீனி என்பது கோதுமை முளை, பால் புரதம், சர்க்கரை, வைட்டமின் எல்லாம் அகர் அகரில் (கடற்பாசிப் பொடி) கட்டியாகும் கலவை. பொடியாக வாங்கிக் கொதிநீரில் கலக்குகிறேன். தோட்டத்துத் தக்காளி இலை இலவசம்தானே என்று நினைக்காதீர்கள். அந்த இலையில் உள்ள நச்சு புழுவின் உடம்பில் இருக்கும், அதைத் தின்னும் பல்லிக்கு ஆபத்து. தோட்டத்தில் பிடித்த புழுவைக் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். இன்னொரு வேடிக்கை: இலை தின்று பழகிய புழு அப்புறம் கலவைத் தீனியைத் தொடாது. ஒருமுறை ஐந்தாறு குஞ்சுப் புழுக்களை இலையில் விட்டுவிட்டு அவதிப்பட்டேன். இலை தின்றால் பச்சை, கலவை தின்றால் நீலம். இலையில் உள்ள மஞ்சள் நிறமி கலவையில் போதாததுதான் காரணம்.

பெரிய தொல்லை வேகம். 27 டிகிரியில் முட்டை பொரிந்து மூன்று வாரத்துக்குள் விரல் தடிமன் ஆகிவிடுகிறது. பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய புழுவைக் கொடுக்கக் கூடாது என்பதால், நேற்று சரியாக இருந்தது நாளை மறுநாள் பெரிதாகிவிடும். வேகத்தைக் குறைக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன், காலையில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. 12, 13 டிகிரி கிடைக்கும் குளிர்ந்த மூலைதான் அதற்குச் சரி.

பல்லிக்கு இது ரொம்பப் பிடிக்கும், அதுவே சிக்கல். உடம்பில் சுமார் 85 சதவீதம் தண்ணீர், கொழுப்பு குறைவு, கடினமான ஓடு இல்லை. நீர் குறைந்த பிராணிக்கும் நோயில் மெலிந்ததற்கும் நல்லது. ஆனால் தினசரி சாப்பாடு ஆகாது. ஒரு வாரம் தாராளமாகக் கொடுத்தேன், கழிச்சல் வந்தது. அதோடு வெட்டுக்கிளியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பட்டினி போட்டுத்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று, கால்சியம் தூவி. கால்சியம் இதில் குறைவு, பாஸ்பரஸ் கூடுதல்.

மிஞ்சிய பெரிய புழுக்களைக் கூட்டுப்புழு ஆக விடுகிறேன். தீனியை நிறுத்திவிட்டுச் சுற்றிச் சுற்றி வரும், முதுகில் ஒரு கறுப்புக் கோடு துடிக்கும். அது இதயம். ஈர மண்ணில் விட்டால் புதைந்துகொண்டு, கூஜாவின் கைப்பிடி போல வளைந்த குழல் உள்ள பழுப்புக் கூட்டுப்புழுவாகும். முதல் தடவை பகல் குறைந்த பருவத்தில் வளர்த்ததால் கூட்டுப்புழுக்கள் மாதக்கணக்கில் தூங்கின, செத்துவிட்டன என்று வீசப் போனேன். இப்போது புழுவாக இருக்கும்போதே தினம் 16 மணி நேரம் விளக்கு எரிகிறது. சுமார் மூன்று வாரத்தில் அந்துப்பூச்சி வந்துவிடும். சிறகை விரித்தால் 10 சென்டிமீட்டர், இரவில் கூண்டில் மோதும் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கும். முட்டையிடத் தக்காளிச் செடி வாசனை வேண்டும், அதற்காக மட்டும் ஒரு சிறு தொட்டிச் செடி வைத்திருக்கிறேன். பொரிவதற்குள் முட்டைகளை இலையிலிருந்து எடுத்துவிடுவேன்.

தப்பித்தால் தக்காளி, புகையிலைப் பயிரைத் தின்று தீர்க்கும் பூச்சி இது, அதனால் மிஞ்சியதை வெளியே விடாமல் உறைபெட்டியில் போடுகிறேன். பொழுது இல்லாதவர்கள் வளர்ந்த புழுவை வாங்கிக்கொள்வதே மேல். நான் விடப்போவதில்லை. இன்று காலை இலையில் 40 முட்டை எண்ணினேன், கோப்பைகளைக் கழுவ வேண்டும்.