பைபர் போட்டின் ஏரா உடைந்தால் பாலியஸ்டரா, எபாக்சியா?

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை பல குப்பங்களில் மணல் போய்க் கருங்கல் வந்துவிட்டது. கரையேறும் போட்டில் முதலில் அடி வாங்குவது ஏராதான், அதாவது அடியில் முன்பின்னாக நெடுக ஓடும் முதுகெலும்பு. உடைந்த இடத்தில் பைபர் துணியை ஒட்டி இறுகவைக்கும் ரெசின்கள்தான் பாலியஸ்டரும் எபாக்சியும். பழைய ஏராவைப் பழுது பார்க்க நாங்கள் எபாக்சியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

எதைப் பூசினாலும் சோதனை ஒன்றுதான். போட்டைக் கவிழ்த்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சுத்தியல் பிடியால் ஏரா நெடுகத் தட்டுங்கள். சத்தம் கெட்டியாக இல்லாமல் பொத்தென்று கேட்கும் இடத்தில் அடுக்குப் பிரிந்திருக்கும், இல்லையேல் நீர் கோத்திருக்கும். அணியம் (முன்முனை) வளையும் இடம், பின்முனை, ஏரா அடிப்பகுதியோடு சேரும் மூலை, இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். நீர் இருந்தால் தாழ்ந்த இடத்தில் 6 மி.மீ. துளை போட்டு வடியவிட வேண்டும். பிறகு பாலித்தீன் துண்டு ஒன்றை நான்கு ஓரமும் டேப் ஒட்டி வையுங்கள். மறுநாள் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

பாலியஸ்டரின் நன்மை எல்லோருக்கும் தெரிந்தது: மலிவு, வேகம், பழகிய கை. புதுப் போட்டு கட்ட அதுவே போதும், வெளிப்பூச்சான ஜெல்கோட்டும் அதன்மேல் நன்றாகப் பிடிக்கும். மேல்விளிம்புச் சில்லறைப் பழுதுக்கு எபாக்சி வீண்செலவு.

ஏராவில் கணக்கு மாறுவது ஒட்டுதலால். புதுப் போட்டில் ஒரு அடுக்கு முழுதாக இறுகுமுன் அடுத்தது ஏறுவதால் இரண்டும் ரசாயனமாகவே ஒன்றாகிவிடும். பத்து வருடம் இறுகிய பழைய பைபரில் அது நடக்காது. சுரண்டிய சொரசொரப்பைப் பற்றித்தான் புதுப் பாலியஸ்டர் நிற்கும். இறுகும்போது அது எபாக்சியைவிட அதிகமாகச் சுருங்கி ஓரத்தை இழுக்கும். கரையில் இடிபடும்போது அந்த ஓரம்தான் முதலில் வாய் திறக்கும். உப்புநீர் புகுந்தால் ஒட்டு முழுசாகவே உரிந்து வரும். எபாக்சி நல்ல பசையும்கூட. பழைய பைபரை இறுகப் பிடிக்கும், சுருக்கமும் குறைவு.

ஆனால் உடைந்த இடத்தைச் சுற்றிச் சரிவு வெட்டாமல் எபாக்சியும் நிற்காது. 6 மி.மீ. கனத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 72 மி.மீ., அதாவது 12க்கு 1, சரித்துச் சுரண்டுங்கள். கிரைண்டரில் 40 நம்பர் டிஸ்க் போதும். அசிட்டோனால் சுரண்டுமுன் ஒருமுறை, பின் ஒருமுறை துடைக்க வேண்டும். கூர் விளிம்பில் துணி படியாது, அதை உருட்டிவிடுங்கள். உள்மூலையில் சிலிக்கா பொடி கலந்த எபாக்சியை வழித்து வளைவாக்குங்கள்.

வழக்கமான 450 கிராம் மேட் (துண்டு நார்களைப் பசையால் சேர்த்த விரிப்பு) இங்கே ஆகாது. அதன் நார்களைப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்தது. எபாக்சியில் மேட் விறைத்தே நிற்கும். குறுக்கிழை தைத்த துணியோ, தடித்த நாரில் நெய்த ரோவிங்கோ வாங்குங்கள். ஒரு கிலோ மேட் இரண்டு கிலோவுக்கு மேல் ரெசின் குடிக்கும். துணிக்கு ஏறக்குறைய அதன் எடை அளவே போதும். விலை வித்தியாசம் இதனால் கொஞ்சம் குறைகிறது.

எபாக்சி வேலை கெடுவது பெரும்பாலும் கைப்பழக்கத்தால். பாலியஸ்டரை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம். வெயிலுக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். எபாக்சியோடு கலக்கும் ஹார்டனரில் அந்த விளையாட்டு கூடாது. டப்பாவில் 100க்கு 10 என்றிருந்தால் தராசில் நிறுத்து அதையே ஊற்ற வேண்டும். கூடினால் சீக்கிரம் இறுகாது, இளகியே கிடக்கும். கலந்ததைக் குவளையில் வைத்தால் சூடேறிப் புகையும்; அகலத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து காலையிலேயே முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் தொடவே வேண்டாம். இறுகிய மேற்பரப்பில் மெழுகுபோல் படிவதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அடுத்த அடுக்கு. மேலே ஜெல்கோட் சரியாக இறுகாது, எபாக்சி பிரைமரும் பெயின்டும் அடியுங்கள்.

பாலியஸ்டரே போடுவதென்றால் நீரைக் கூடுதலாகத் தாங்கும் ஐசோ ரகம் வாங்குங்கள், அதே சரிவை வெட்டுங்கள். கேட்டலிஸ்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள். தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். வினைல் எஸ்டர் என்ற ரெசின், பாலியஸ்டருக்கும் எபாக்சிக்கும் நடுவில் நிற்பது. ஏராவில் அதைப் பல வருடம் வைத்துப் பார்த்த அனுபவம் எங்களுக்கு இல்லாததால் பரிந்துரைக்கவில்லை.

உரசும் அடிவிளிம்பில், தேய்வதற்கென்றே இரண்டு மூன்று அடுக்கு எபாக்சித் துணி கூடுதலாகப் போடுங்கள். இரும்புப் பட்டை திருகினால் ஒவ்வொரு ஸ்குரூ துளையும் நீருக்கு வழி. மறுநாளே கல்போலத் தெரிந்தாலும் ஒரு வாரம் கழித்தே போட்டைக் கடலில் இறக்குங்கள்.