தகரக் கூரைக்குக் கீழே லேசர் கோணமானி: கிளிநொச்சியில் பாவித்த அனுபவம்

லேசர் தலையீட்டுமானி (ஒளியலையை அளவுகோலாக்கி மிக நுணுக்கமாக அளக்கும் கருவி) என்றதும், "அதுக்குக் குளிரூட்டிய ஆய்வுகூடம் வேணுமே" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நீளம் அளப்பதற்கு அந்தப் பயம் நியாயம். கோணம் அளக்கும் வகைக்கு அவ்வளவு தேவையில்லை. நெல் வெட்டும் மெஷின்களுக்குச் சாமான் கடையும் எங்கள் பட்டறையில், லேத் பெட் (கடைசல் மெஷினின் அடிப்படுக்கை) தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பல வருடமாக இதைத்தான் பாவிக்கிறோம்.

கதிர்பிரிப்பான் சிவப்புக் கதிரை இரண்டாக்கும். இரண்டும் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் இடைவெளியில் சமாந்தரமாகப் போய், சாடிலில் (பெட்டின்மேல் நகரும் பகுதி) பூட்டிய இரண்டு மூலை அரியங்களில் பட்டுத் திரும்பி ஒன்றுசேரும்; சேருமிடத்தில் ஒளியும் இருளுமாகப் பட்டிகள் தோன்றும். சாடில் நேராக நகர்ந்தால் இரு பாதையும் ஒரே அளவு மாறும், கருவி பேசாமல் இருக்கும். சாய்ந்தால் ஒன்று நீளும், மற்றது குறுகும். அலைநீளம் 632.8 நனோமீற்றர், ஆகவே ஒரு பட்டி நகர்ந்தால் சாய்வு கிட்டத்தட்ட 2.2 கோணச் செக்கன் (ஒரு செக்கன் என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). பட்டியையும் பகுத்து வாசிப்பதால் அதைவிட நுணுக்கமாகவே தெரியும். ஒரு செக்கன் சாய்வு 100 மில்லிமீற்றர் நீளத்தில் வெறும் அரை மைக்ரோன் ஏற்றம். சாமானைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குக் கிட்ட, வேலை கூடின இடத்தில் பெட் எப்படிக் குழிந்திருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் கையாளவில்லை.

வெயில் ஏற ஏறக் காற்றின் முறிவுச்சுட்டி (காற்றுக்குள் ஒளியின் வேகம் எவ்வளவு குறைகிறது என்ற அளவு) மாறும். அந்த மாற்றம் இரு கதிருக்கும் பொது, கழிபட்டுப் போகும். கழிபடாதது அசையும் காற்று. தகரத்திலிருந்து இறங்கும் வெக்கை ஒரு கதிரை மட்டும் தொட்டாலே இல்லாத சாய்வு திரையில் தெரியும். ஃபேனை நிப்பாட்டி, கதவைச் சாத்தி, விடிய வெள்ளன அளவுங்கள். லேசரை அரை மணித்தியாலம் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

சோளகக் காலத்தில் கிரவல் தூசிதான் பெரிய கரைச்சல். அரியத்தைத் துடைத்துத் துடைத்துக் கீறுவதைவிட, வேலை முடிந்த உடனே மூடிவைப்பது நல்லது. கரண்டுக்கு யூ.பி.எஸ். கட்டாயம். கதிர் ஒரு கணம் தடைப்பட்டாலும் எண்ணிக்கை அறுந்துவிடும், முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றை முதலே அறிந்திருக்கவேண்டும். முன்பின் சாய்வையும் இடவலத் திரும்பலையும் இது அளக்கும். சாடில் போகும் திசையையே அச்சாக வைத்து உருளும் சாய்வு இதற்குப் பிடிபடாது. அதற்கு நாங்கள் இன்றைக்கும் நுண் நீர்மட்டத்தைத்தான் பெட்டில் வைக்கிறோம்.