மாமாவின் பென்சிலும் என் ஜிம்ப்பும்

முதல் நாள் என்னால் ஒரு வட்டம் வரைய முடியவில்லை. 2020 ஜூன் மாதம். அலுவலகத்துக்குச் சுழற்சி முறையில் போய்க்கொண்டிருந்த காலம். மடிக்கணினியில் ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளின் 2.10 பதிப்பை நிறுவிவிட்டு, தாத்தாவின் பழைய படத்தில் கறை படிந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அடையாளம் வைக்கலாம் என்று நினைத்தேன். வட்டம் வரையும் கருவியைத் தேடி முக்கால் மணி நேரம் போயிற்று. அப்படியொரு கருவியே அதில் இல்லை. நீள்வட்டமாக ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேர்வின் விளிம்பில் கோடு இழு என்று மெனுவில் போய்ச் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் விண்டோஸின் பெயின்ட் மென்பொருளில் இரண்டு நொடியில் செய்துவிடும் காரியம். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தபோது ஆவலோடு போய்ப் பார்த்தேன். வட்டம் அதே சுற்றுவழியில்தான் வந்தது.

நான் ஒளிப்படக்காரியும் இல்லை, ஓவியரும் இல்லை. தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் கோப்பு நகர்த்தும் வேலை. வீட்டுப் பரண்மேல் ஒரு தகரப் பெட்டியில் நாற்பத்தெட்டுப் பழைய படங்கள் கிடந்தன. ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியவை, ராமபாணப் பூச்சி அரித்தவை, நடுவில் மடிந்து வெள்ளைக் கோடு விழுந்தவை. அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளுக்குள் அவற்றைச் சரிசெய்து ஓர் ஆல்பம் போட்டுக் கொடுப்பதாகத் திட்டம். பிறந்த நாளும் போயிற்று, தாமதமாக ஆல்பமும் வந்துவிட்டது. நான்தான் இன்னும் இதை விடவில்லை. இடையில் வரையும் ஆசை வந்து கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளும் சேர்ந்துகொண்டது. இரண்டும் இலவசம் என்பதால்தான் தொட்டேன். போட்டோஷாப் 2013 முதல் சந்தா முறைக்குப் போய்விட்டது. வருமா வராதா என்று தெரியாத ஒன்றுக்கு மாதாமாதம் பணம் கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

முதல் மூன்று மாதங்கள் வெறும் எரிச்சல். அழிப்பானால் தேய்த்தால் பின்னால் இருப்பது தெரிய வேண்டும் அல்லவா? வெள்ளை நிறம் வந்து அப்பிக்கொள்ளும். படத்துக்கு ஆல்ஃபா சேனல் என்றொன்றைச் சேர்த்தால்தான் ஒளிபுகும் தன்மை வரும் என்பது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. தூரிகையை இழுத்தால் சில இடங்களில் ஒன்றுமே விழாது. ஜிம்ப்பில் படம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்கள்போல; ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். மஞ்சள் புள்ளிக்கோடு காட்டும் லேயரின் எல்லைக்கு வெளியே வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். நகலெடுத்து ஒட்டினால் அது மிதக்கும் தேர்வாக நின்றுகொண்டு வேறு எதையும் செய்யவிடாது. இவை எதுவும் பிழை இல்லை, அதன் இலக்கணம் அப்படி. ஆனால் புதிதாக வருகிறவரைத் திரும்பிப் போகச் செய்பவை இவைதான். 3.0-இல் ஒட்டியது நேராகப் புது லேயராகிறது. வரையும்போது லேயரின் எல்லை தானாக விரிந்துகொள்ளும்படியும் வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

சேமிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சேமி என்றால், லேயர்களைத் தனித்தனியாகவே வைத்திருக்கும் எக்ஸ்சிஎஃப் என்ற தன் சொந்த வடிவத்தில் மட்டுமே ஜிம்ப் சேமிக்கும். லேயர்கள் எல்லாம் ஒன்றாகிவிடும் ஜேபெக் வேண்டுமென்றால் ஏற்றுமதி என்று தனியாகக் கேட்க வேண்டும். 2012-இல் 2.8 பதிப்பில் கொண்டுவந்த ஏற்பாடு இது; அதற்காக அவர்கள் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. நானும் திட்டியிருக்கிறேன். பிறகு ஒருநாள், ஜேபெக்காக மட்டும் வைத்திருந்த பாட்டியின் படத்தில் இரண்டு வாரத்துக்கு முன் செய்த ஒரு தவற்றைத் திருத்த வழியில்லாமல் முதலிலிருந்து தொடங்கினேன். அன்றோடு திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

உண்மையில் நான் கற்றுக்கொள்ளத் தொடங்கியது தாய்மாமன் வீட்டுக்கு வந்த நாளில்தான். மாமா இளம் வயதில் ஒரு ஸ்டுடியோவில் நெகட்டிவ் டச்சிங் வேலை பார்த்தவர். சாய்வான மேசை, நடுவில் தேய்த்த கண்ணாடி, கீழே ஒளியைத் திருப்பிவிட ஒரு முகக்கண்ணாடி. நெகட்டிவை அதன்மேல் வைத்து, உப்புத்தாளில் ஊசிபோலத் தீட்டிய பென்சிலால் முகத்துச் சுருக்கங்களை நிரப்புவார்கள். படத்தில் கறுப்பாக விழுவது நெகட்டிவில் வெளிறி இருக்கும். அங்கே பென்சில் ஏறினால் படத்தில் சுருக்கம் தணிந்துவிடும். படத்தில் கருமை கூட்ட வேண்டிய இடத்தை மெல்லிய கத்தியால் சுரண்டுவார்கள். எல்லாமே தலைகீழாக யோசித்துச் செய்யும் வேலை.

ஜிம்ப்பின் கருவிப் பெட்டியைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தை வெளுக்கவைக்கும் டாட்ஜ், கருக்கவைக்கும் பர்ன் என்றதும் நிறுத்தச் சொன்னார். “இது எங்கள் இருட்டறைச் சமாச்சாரம் ஆயிற்றே, பாப்பா. கம்பியில் அட்டையைக் கட்டி, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர் வெளிச்சத்துக்குக் கீழே ஆட்டிக்கொண்டே இருப்போம். அட்டை மறைத்த இடம் வெளுத்து வரும்.” மூன்று மாதமாக நான் பார்த்த பாடங்கள் எல்லாம் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லின. எதற்காக என்று முதலில் சொன்னவர், கணினியைத் தொட்டே பார்த்திராத எழுபத்தாறு வயதுக்காரர்.

அவர் அருகில் உட்கார்ந்திருந்த ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகளில் குளோன், ஹீல் என்ற இரண்டு கருவிகளின் வேறுபாடு எனக்குப் பிடிபட்டது. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு நல்ல இடத்தைத் தொட வேண்டும், பிறகு கெட்ட இடத்தில் தீட்ட வேண்டும்; இரண்டுக்கும் வழி ஒன்றுதான். குளோன் நல்ல இடத்தை அப்படியே பெயர்த்து வைக்கும். ஹீல் அதன் இழையை மட்டும் எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தையும் நிறத்தையும் சுற்றியுள்ள இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். கன்னம், நெற்றி, பின்னால் தொங்கும் திரை போன்ற பரந்த இடங்களில் ஹீலுக்கு ஈடில்லை. அதே கருவியைத் தலைமுடியும் நெற்றியும் சந்திக்கும் விளிம்பில் வைத்தால், முடியின் கருமை நெற்றிக்குள் கசிந்து அழுக்குப்போலப் படியும். விளிம்பில் குளோன், பரந்த இடத்தில் ஹீல். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு எட்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

தாத்தாவின் படத்தை முடித்துப் பெருமையோடு காட்டியபோது மாமா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “புருவத்தில் இருந்த வெட்டு எங்கே?” என்றார். கறை என்று நினைத்து நான் துடைத்தெறிந்தது, சிறு வயதில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்ததில் தாத்தாவுக்கு ஏற்பட்ட தழும்பு. இப்போதெல்லாம் எந்தப் படத்தையும் தொடுவதற்கு முன் அம்மாவையோ மாமாவையோ உட்காரவைத்து, மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, தொடக்கூடாத இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்துக்கொள்கிறேன். மச்சம், தழும்பு, மூக்குத்தி ஓட்டை, சற்றே இறங்கிய இமை. வேலை முடிந்ததும் அந்த லேயரை அணைத்துவிடுவேன். அழிப்பதில்லை.

பழைய படத்தை ஒரே தொடுதலில் புதிதாக்கிக் கொடுக்கும் கைப்பேசிச் செயலிகளையும் பார்த்துவிட்டேன். கூர்மையாக, பளபளப்பாக ஒரு முகம் வருகிறது. ஆனால் அது என் பாட்டி இல்லை. மங்கிப்போன கண்ணுக்குப் பதில் யாருடைய கண்ணையோ கொண்டுவந்து பொருத்தியிருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர்கள் பிரமாதம் என்கிறார்கள். அம்மா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஸ்கேன் செய்வதில் கஞ்சத்தனம் கூடாது. உள்ளங்கை அளவுப் படத்தை 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், விவரம் இழக்காத டிஃப் வடிவத்தில் எடுக்கிறேன். 2.10 முதல் ஜிம்ப் ஒரு நிறத்துக்கு எட்டு பிட் என்ற பழைய எல்லையைத் தாண்டிவிட்டதால், நிறத்தின் சாயல்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 16 பிட் ஸ்கேனில், வெளிச்சத்தையும் கருமையையும் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கருவியைக் கொஞ்சம் தாராளமாகவே இழுக்கலாம். நிழல் பகுதிகள் பட்டை பட்டையாக உடைவதில்லை. மடிப்புக் கோடுகளுக்கு வேவ்லெட் டிகம்போஸ் என்ற வடிகட்டி உதவும். படத்தை நுண்ணிய இழை, நடுத்தர விவரம், மொத்த வெளிச்சம் என்று தனித்தனி லேயர்களாகப் பிரித்துத் தரும். இழையை மட்டும் திருத்தலாம், அடியில் உள்ள நிழல் கலையாது. ஒரு வருடம் பழகிய பிறகு தொட்டால் போதும். முதல் மாதத்தில் தொட்டால் தலை சுற்றும்.

இனி கிரிட்டா. ஜிம்ப்பில் வரைய முயன்று தோற்ற பிறகுதான் அங்கே போனேன். ஜிம்ப்பில் வரைய முடியாது என்றில்லை. அது இருக்கிற படத்தைத் திருத்துவதற்குப் பிறந்தது, கை அதை உணர்ந்துவிடுகிறது. கிரிட்டாவைத் திறந்து வலது சொடுக்கு செய்தாலே பிடித்த தூரிகைகள் வட்டமாகச் சூழ்ந்து நிற்கும். பக்கத்திலேயே நிறச் சக்கரம். மெனுப் பக்கம் போகாமல் ஒரு மணி நேரம் வரையலாம்.

இதற்கு, பேனாவால் வரைவதைக் கணினித் திரைக்குக் கொண்டுபோகும் ஒரு பேனாப் பலகை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று எழுதியிருந்தது. எனக்கு ஒரே நிலைதான் வந்தது. எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமனில் கோடு. பலகை பழுது என்று திருப்பி அனுப்பும் அளவுக்குப் போய்விட்டேன். கிரிட்டாவின் அமைப்புகளில் பேனாப் பலகைக்கான பக்கத்தில் பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குச் சொல்ல வின்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிட்டு மூடித் திறந்ததும் கோடு மெலிந்து தடித்து நெளிந்தது. அன்று இரவு தூங்காமல் வெறும் கோடாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பொறி, ஆங்கில ஈ விசை. தெரியாமல் கைபட்டால் கையிலிருக்கும் தூரிகை அழிப்பானாக மாறிவிடும். ஒன்றுமே விழவில்லையே என்று லேயரைத் தேடி, பேனாவை உதறி, கணினியை மறுபடி இயக்கி, கடைசியில் அந்த ஒரு விசை. இன்றும் மாதம் ஒருமுறை நடக்கிறது. அதற்கு ஈடுகட்டுவது எம் விசை. அழுத்தினால் படம் இடவலமாகத் திரும்பித் தெரியும். நேராகப் பார்க்கும்போது லட்சணமாக இருந்த முகம், திருப்பிப் பார்த்தால் ஒரு கண் காதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். மாமா இதற்கு முகக்கண்ணாடியில் பார்ப்பாராம்.

என்னைக் கிரிட்டாவில் கட்டிப்போட்டது மல்டிபிரஷ் கருவி. நான்கு தூரிகை என்று வைத்து மையத்தை நிறுத்திவிட்டு ஒரு கால் பங்கில் கோடு இழுத்தால், மற்ற மூன்று பங்கிலும் அது கூடவே சுழன்று வரும். மார்கழியில் புள்ளியைச் சுற்றிக் கம்பிக் கோலம் போட்டுப் பார்த்தேன். வாசலில் குனிந்து அரை மணி நேரம் போடும் கோலம் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, ஒரு இழைகூடக் கோணவில்லையே” என்றார். பாராட்டா குறையா என்று கேட்கவில்லை. கிரிட்டா என்பதற்கு சுவீடிஷ் மொழியில் சுண்ணக்கட்டி என்று பொருளாம். அதைச் சொன்னபோது மட்டும் சிரித்தார்.

பெரிய கோயில் திருச்சுற்று மாளிகையின் தூண் வரிசையை வரைய, தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும்படி கையை இழுத்துச் செல்லும் கிரிட்டாவின் மறைபுள்ளி உதவிக்கோடுகள் இல்லாவிட்டால் என்னால் முடிந்திருக்காது. அந்தப் படத்தில்தான் கணினியின் எல்லையும் தெரிந்தது. ஏ3 அளவை 300 டிபிஐ-யில் வைத்தால் 4961-க்கு 3508 பிக்சல். முழுதும் நிரம்பிய ஒரு லேயருக்கே நினைவகத்தில் சுமார் 70 எம்பி வேண்டும். முப்பது லேயரைத் தாண்டியதும் என் 4 ஜிபி மடிக்கணினி மூச்சுவாங்கியது. கோடு பேனாவுக்குப் பின்னால் நடந்து வந்தது. 16 ஜிபி ஆக்கிய பிறகு சரியாயிற்று. வாங்கும்போது விலையுயர்ந்த பலகையைவிட நினைவகத்துக்குச் செலவழியுங்கள்.

எழுத்து விஷயத்தில் ஜிம்ப் கை கொடுக்கிறது. யூனிகோட் எழுத்துருவில் கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழ் ஒழுங்காக விழுகிறது. நான் வைத்திருக்கும் கிரிட்டா 5.2-இல் தனிச் சாளரத்தில் எழுதிப் பிறகு படத்தில் பார்க்க வேண்டும், பொறுமை போய்விடுகிறது. ஜிம்ப்புக்குத் தமிழ் இடைமுகமும் உண்டு. ஆசையாக மாற்றிப் பார்த்தேன். நான் பார்த்த பாடங்கள் எல்லாம் ஆங்கிலப் பெயர்களில் இருந்ததால் ஒரு வாரத்தில் திரும்பிவிட்டேன். அச்சகம் வேறு கதை. திரையில் ஒளிர்ந்த கிளிப்பச்சை, அட்டையில் வெந்த கீரைபோல வந்தது. அச்சு மைக்கு எட்டாத நிறம் அது. இப்போது கிரிட்டாவிலும் ஜிம்ப் 3.0-இலும் அச்சில் எப்படித் தெரியும் என்று முன்பே பார்த்துக்கொள்கிறேன்.

நாற்பத்தெட்டில் நாற்பத்தேழு முடிந்துவிட்டன. எஞ்சியிருந்தது ஒரு கல்யாணக் குழுப்படம். இடது ஓரத்தில் நிற்பவரின் முகத்தில் படம் பதிந்த பூச்சு உரிந்து தாள் மட்டும் தெரிகிறது. அவர் யார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியவில்லை. சுற்றியிருந்த தூசியையும் கீறலையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தொடாமல் அச்சிட்டுக் கொண்டுபோனேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெள்ளை கண்ணை உறுத்துகிறது, கொஞ்சம் சாம்பல் ஏற்று என்றார். மேலே ஒரு சாம்பல் லேயர் போட்டு, அடர்த்தியை 15 சதவீதத்துக்கு இறக்கி, மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன்.