அரசு டெண்டருக்கு ‘ஆத்தரைசேஷன் லெட்டர்’ கேட்டு வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

சிறு பட்டறை நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஸ்டீல் பர்னிச்சர் செய்தாலும் சரி, பம்ப் செய்தாலும் சரி, யூனிஃபார்ம் தைத்தாலும் சரி. “கவர்மென்ட் ஆர்டர் ஒன்று வருகிறது, நீங்கள் செய்து கொடுங்கள், இப்போதைக்கு ஒரு லெட்டர் மட்டும் போதும்” என்று யாராவது வந்து நின்றால், அந்த லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் அனுப்பிய சரக்கில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். அரசு அதற்கான பணத்தைக் கொடுத்துவிட்டது. எங்களுக்குப் பாதிக்கு மேல் இன்னும் வரவில்லை.

எங்களுடையது கோவையில் சின்னப் பட்டறை. இரும்புக் குழாயை வளைத்து, வெல்டிங் வைத்து, பவுடர் கோட்டிங் அடித்து, மேலே பிளைவுட் பலகை பூட்டி, இரண்டு பிள்ளைகள் உட்காரும் டெஸ்க் செய்கிறோம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தனியார் பள்ளிகள்தான். தெரிந்த ஒருவர் மூலமாக அந்த சப்ளையர் வந்தார். வேறு மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகம் பள்ளிகளுக்கு டெஸ்க் வாங்க டெண்டர் விட்டிருப்பதாகவும், தான் போட்டியில் இறங்கப் போவதாகவும் சொன்னார். டெண்டர் உண்மைதான். தமிழக அரசின் டெண்டர் தளத்தில் நாங்களும் பார்த்தோம். ஆளும் போலி இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் ஆபீசும் இருந்தன. இந்த வகை மோசடியில் எல்லாமே அசலாக இருக்கும். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

அவர் வாங்கி விற்கிற வியாபாரி, பட்டறை கிடையாது. இதுபோன்ற டெண்டர்களில் ஒரு நிபந்தனை இருக்கும்: கலந்துகொள்பவர் தயாரிப்பாளராக இருக்க வேண்டும், இல்லையென்றால் தன் பொருளை விற்க தயாரிப்பாளர் கொடுத்த அதிகாரக் கடிதம் (ஆத்தரைசேஷன் லெட்டர்) வைத்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு தயாரிப்பாளரின் உத்யம் சான்றிதழ் (குறு, சிறு நிறுவனமாக அரசிடம் பதிந்ததற்கான சான்று), இயந்திரப் பட்டியல், பட்டறை போட்டோ, முந்தைய சப்ளை பில்கள் எல்லாம் போகும். அதாவது, டெண்டரில் உள்ளே நுழைய அவருக்கு இருந்த ஒரே தகுதி எங்களுடைய காகிதங்கள். எங்கள் லெட்டர் இல்லாமல் அவருடைய விலைக் கவரையே திறந்திருக்க மாட்டார்கள்.

கடிதத்தின் வாசகத்தை அவரே டைப் செய்து கொண்டுவந்தார். டெண்டர் ஆவணத்தில் இருக்கும் படிவம்தான் என்றார், அதுவும் உண்மை. அந்தப் படிவத்தின் கடைசி வரியை எல்லோரும் கவனிக்க வேண்டும். சப்ளை ஆகும் பொருளுக்கு டெண்டர் நிபந்தனைகளின்படி முழு வாரண்டியும் தயாரிப்பாளர் தருகிறார் என்று அதில் இருக்கும். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது.

ஆர்டர் அவருக்குக் கிடைத்தது. சின்னதாக ஓர் அட்வான்ஸ், மீதி டெலிவரி ஆனதும் என்று பர்சேஸ் ஆர்டர் கொடுத்தார். குழாய், பிளைவுட் எல்லாம் நாங்கள் கடனில் எடுத்தோம். லோடு லோடாக அனுப்பினோம். ஒவ்வொரு பள்ளியிலும் இறக்கி, டெலிவரி சலானில் தலைமை ஆசிரியரிடம் சீலோடு கையெழுத்து வாங்கினோம். அந்தச் சலான்களின் ஒரிஜினல் பில் போட வேண்டும் என்று அவர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் நகல் எங்களிடம் இருந்தது. இன்று எங்கள் வழக்கைத் தாங்கி நிற்பவை அந்த நகல்கள்தான்.

பணம் கேட்டபோது முதலில் “பில் இன்னும் பாஸ் ஆகலைங்க” என்றார். அப்புறம் மார்ச் முடியட்டும், புது நிதியாண்டில் ஃபண்ட் வரும் என்றார். அப்புறம் அதிகாரி மாறிவிட்டார். எப்போது கேட்டாலும் முடிவில் ஒரே பதில்: “சர்க்கார் பணமுங்க, லேட்டாகும், ஆனா எங்கயும் போகாது.” இந்த வாக்கியத்தை நம்பிக் காத்திருக்கும் பட்டறைக்காரர்கள் கொங்கு மண்டலத்தில் எத்தனையோ பேர். இந்தப் பதிவில் வேறு எது மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். சர்க்கார் பணம் என்பது அவருக்கு வர வேண்டியது. நமக்கு வர வேண்டியது அவருடைய பணம். அரசோடு நமக்கு ஒப்பந்தம் கிடையாது. அரசு நேரத்துக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நம் பில்லுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்டோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். “உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் இல்லையே சார், நீங்கள் அவரிடம் கேளுங்கள்” என்றார்கள். சட்டப்படி அது சரியான பதில். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனுப் போட்டோம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த டெண்டரில் எவ்வளவு தொகை, எந்தத் தேதியில், யாருக்கு விடுவிக்கப்பட்டது என்று மட்டும் கேட்டோம். பதில் வந்தது. பில் பாஸ் ஆகவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த மாதங்களிலேயே பெரும்பகுதிப் பணம் அவர் கணக்குக்குப் போய்விட்டிருந்தது.

அந்தக் காகிதத்தைக் காட்டியதும் பேச்சு மாறியது. பெயின்ட் உரிகிறது, வெல்டிங் சரியில்லை, அதனால் பிடித்தம் செய்கிறேன் என்றார். கொஞ்ச நாளில் அலுவலகத்திலிருந்து எங்களுக்கே ஒரு கடிதம் வந்தது. சில டெஸ்க்குகளில் பலகை கழன்றிருக்கிறது, வாரண்டிப்படி தயாரிப்பாளர் சரிசெய்து தர வேண்டும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று. பணம் கேட்டபோது இல்லாத உறவு, வாரண்டி என்றதும் எங்கள் லெட்டரின் கடைசி வரி வழியாக வந்துவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறினால் பட்டறை எழுந்திருக்காது. பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சும் கூட. ஆள் அனுப்பிச் சரிசெய்தோம், எங்கள் செலவில்.

இதற்கிடையில் ஜிஎஸ்டி. ஸ்டீல் பர்னிச்சருக்கு 18 சதவீதம். பில் போட்டுவிட்டால் பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை, அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்டினோம். நாங்கள் கட்டிய வரியை அவர் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொண்டார். ஆனால் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் தராவிட்டால் அந்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டமே சொல்கிறது. வக்கீல் நோட்டீஸில் இதைக் குறிப்பிட்ட பிறகுதான் அவர் முதல் முறையாகத் தானே போன் செய்தார். ஒரு சிறு தொகையும் அனுப்பினார். உங்கள் நோட்டீஸிலும் இது இருக்கட்டும்.

நமக்கு உண்மையிலேயே கைகொடுப்பது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். அரசு மட்டுமல்ல, குறு, சிறு தயாரிப்பாளரிடம் சரக்கு வாங்கும் யாராக இருந்தாலும் பொருந்தும். எழுத்தில் எவ்வளவு தவணை போட்டிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. சரக்கில் குறை இருந்தால் டெலிவரியிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெலிவரி நாளே ஏற்றுக்கொண்ட நாள். மாதக்கணக்கில் போன பிறகு ‘பெயின்ட் உரிகிறது’ என்பதற்கு அந்தச் சட்டத்தில் பெரிய மதிப்பு இல்லை. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. அந்த விகிதம் 6.75 சதவீதமாக இருந்த 2024இல் வட்டி 20.25 சதவீதம் வந்தது. மத்திய குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் பதிய வேண்டும் (நாங்கள் பதிந்தபோது அது சமாதான் தளம்). புகார், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இருக்கிறது. தீர்ப்பை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும், நடைமுறையில் பொறுமை வேண்டும். எங்கள் வழக்கு சமரசப் பேச்சைத் தாண்டி இப்போது நடுவர் விசாரணையில் நிற்கிறது.

உத்யம் பதிவு இல்லாதவர்கள் ஆர்டர் எடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள். ஒப்பந்த நாளில் பதிவு இருந்திருக்க வேண்டும் என்று 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த்தரப்பு வக்கீல்கள் உடனே எடுப்பார்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் ‘உத்யம் ஏஜென்சி’களிடம் போகாதீர்கள்.

இனி லெட்டர் கேட்டு வருகிறவரிடம் என்ன செய்வது? கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நியாயமாக நடக்கிற சப்ளையர்களும் உண்டு, அவர்கள் மூலமாகத்தான் பல பட்டறைகளுக்கு வேலை வருகிறது. லெட்டரில் டெண்டர் எண்ணை எழுதி, இந்த ஒரு டெண்டருக்கு மட்டும் என்று போடுங்கள். எங்கள் பில் தொகை முழுவதும் வந்த பிறகே வாரண்டி செல்லும் என்ற வரியை, அவரோடு போடும் ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்குங்கள். கடிதத்திலேயே எழுதினால் டெண்டர் தள்ளுபடியாகலாம் என்பார்கள், அது சரிதான், அதனால்தான் தனி ஒப்பந்தம். மூலப்பொருள் செலவுக்காவது அட்வான்ஸ் வேண்டும். அரசு ஆர்டரின் நகலைக் கேளுங்கள், தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அரசுப் பணம் வரும் வங்கிக் கணக்கிலிருந்து இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. சிலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

முடிந்தவர்கள் நேரடியாகவே டெண்டரில் இறங்குங்கள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை (முதலில் 20 ஆக இருந்தது). டெண்டர் படிவம் இலவசம், இஎம்டி எனும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். பெரிய நிறுவனம் குறைந்த விலை சொல்லியிருந்தாலும், உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த விலைக்கு இறங்கி வந்து ஒரு பகுதியை எடுக்கலாம். இந்தச் சலுகைகள் தயாரிப்பாளர்களுக்கு, வெறும் வியாபாரிக்குக் கிடையாது. நம் வாசலுக்கு லெட்டர் கேட்டு வருகிறவரிடம் இல்லாத தகுதி நம்மிடம் இருக்கிறது. மத்திய அரசின் கொள்முதல் தளமான ஜெம்மில் பதிவதும் இலவசம்தான்.

இதே மாதிரி மாட்டிக்கொண்டு காத்திருப்பவர்கள் முதல் வேலையாக ஆர்டிஐ போடுங்கள். மனுவின் வாசகமும், நாங்கள் இப்போது பயன்படுத்தும் தனி ஒப்பந்தத்தின் மாதிரியும் என்னிடம் தமிழிலேயே இருக்கிறது. கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.