அட்டையை விட்டு வருடத்தைப் பார்க்கச் சொன்ன கடை

ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம், ஜவுளிக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தப் பழைய புத்தகக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் கைடுகள்தான் அடையாளம்.

சின்ன வயதில் 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழுவழுத் தாளில்தான் நோட்டுகளுக்கு அட்டை போட்டோம். அந்த நாட்டில் உண்மையில் என்னதான் நடந்தது என்று தேடும் ஆசை நாற்பதைத் தாண்டித்தான் வந்தது. இணையத்தில் வாங்கிய ஒரு புத்தகம் ஜெராக்ஸ் பிரதியாக வந்து சேர்ந்தது, நடுவில் 16 பக்கம் காணோம். அப்புறம்தான் இங்கே வந்தேன்.

கடைக்காரர் எழுபதைத் தொட்டவர். "அட்டையப் பாக்காதீங் தம்பி, எந்த வருசம் எழுதுனதுன்னு பாருங்" என்று ஸ்டூல் மேல் மூன்றை எடுத்து வைத்தார். 1938-இல் வந்த சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி வரலாற்றில் எல்லாமே ஸ்டாலின். ஸ்டாலினுக்குப் பின் வந்த தலைவர் குருஷேவ் 1956-இல் அவரைக் கண்டித்துப் பேசியதற்குப் பிறகு, 1959-இல் கட்சியே வரலாற்றைத் திருத்தி எழுதியது. மூன்றாவது, 1917 ரஷ்யப் புரட்சியை நேரில் பார்த்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ரீட் 1919-இல் எழுதிய 'உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்'. அதில் ஸ்டாலினின் பிற்கால எதிரி ட்ராட்ஸ்கி பக்கத்துக்குப் பக்கம் வருகிறார், ஸ்டாலின் பெயரைத் தேடத்தான் வேண்டும். லெனினே முன்னுரை கொடுத்த புத்தகம், ஸ்டாலின் காலத்தில் அச்சுக்கு வராமல் போனது இதனால்தான். இந்தப் பாடத்தை அந்தக் கடையில் நின்றுகொண்டே கற்றேன்.

ஸ்டாலின் காலத்துப் பஞ்சத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் ராபர்ட் கான்குவெஸ்ட் 1986-இல் எழுதிய புத்தகம் 180 ரூபாய்க்குக் கிடைத்தது. 1932 ஆகஸ்டில் போட்ட ஒரு சட்டம் அதில் வருகிறது: கூட்டுப்பண்ணைத் தானியத்தைத் திருடினால் மரண தண்டனை, இரக்கப்பட்டுத் தண்டனையைக் குறைத்தால் 10 வருடச் சிறை. சிந்திய கதிரைப் பொறுக்கியவர்களும் இதில் மாட்டினார்கள். எங்கள் சோளக்காட்டில் அறுப்பு முடிந்தால் கதிர் பொறுக்க யார் வேண்டுமானாலும் வருவார்கள், ஆத்தா ஒருநாளும் தடுத்ததில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு இரண்டு நாள் ஆனது. இதையும் வருடம் பார்த்தே படிக்க வேண்டும், சோவியத் ஆவணக் காப்பகங்கள் திறக்கும் முன் எழுதியது.

குறை என்றால், 1991-இல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு வந்த ஆய்வுகள் அங்கே ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன, அதுவும் நாலைந்துதான். தமிழில் இருப்பதெல்லாம் மாஸ்கோவில் அச்சான பழசு. ஆனால் தையல் பைண்டிங், ஒரு தாள்கூடக் கழன்றதில்லை.

ரீட் புத்தகத்துக்கு 120 ரூபாய் கொடுத்தேன். முதல் பக்கத்தில் ஏதோ மில் தொழிலாளர் படிப்பகத்தின் ஊதா முத்திரை, ஊர்ப் பெயர் மட்டும் அழிந்திருக்கிறது. யாரோ லெனின் முன்னுரை முழுக்கப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். உள் அடுக்கில் வெளிச்சம் போதாது, வருடம் அச்சிட்ட எழுத்தோ ரொம்பப் பொடி.