15 அங்குலக் காயிலோடு ஒரு மல்லுக்கட்டு

மெட்டல் டிடெக்டர் புதிதாக வாங்கிய நண்பர், கூடுதலாக எந்தக் காயில் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். காயில் என்பது தண்டின் நுனியில் இருக்கும் தட்டு; உள்ளிருக்கும் கம்பிச்சுற்றால் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பி, உலோகத்திலிருந்து திரும்பும் புலத்தைப் பிடிப்பது அதுதான். கேட்ட நேரம்தான் சரியில்லை. என்னுடைய 15 அங்குலக் காயில் இப்போதுதான் பழுது பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதன் மீதான எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆகவே நான் எழுதுவதில் நாலில் ஒரு பங்கைக் கோபத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பவை மூன்று: கருவியோடு வந்த 11 அங்குலம், தனியாக வாங்கிய 6 அங்குலம், இந்த 15 அங்குலம். மூன்றுமே டபுள் டி வகை, அதாவது உள்ளே D வடிவில் இரண்டு கம்பிச்சுற்றுகள் கொண்டவை.

முதலில் பெரியதன் வழக்கு. தண்டு வந்து சேரும் இடத்தில், காயிலின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் காதுகள் நிற்கும். அவற்றுக்கிடையே தண்டின் நுனி, இரு பக்கமும் ரப்பர் வாஷர், குறுக்கே ஒரு பிளாஸ்டிக் போல்ட். இரும்பு போல்ட் போட முடியாது. போட்டால் காயில் அதையே கண்டுபிடித்துக்கொண்டிருக்கும். 11 அங்குலத்துக்கு இந்த ஏற்பாடு போதும். பெரியதற்குப் போதவே போதாது. இடமும் வலமுமாக வீசித் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது தலையாட்டுகிறது. போல்ட்டை இறுக்கினால் காது விரிசல் விடுகிறது. தளர்த்தினால் மூக்கு தொங்கிப் புல்லில் சிக்குகிறது. என்னுடையதில் இடது காது அடியோடு பெயர்ந்தே விட்டது. இத்தனை பெரிய தட்டை விற்பவர்களுக்கு, அதைத் தாங்கும் காதைக் கொஞ்சம் தடிமனாக வார்க்கத் தோன்றாதா? எடையைப் பற்றி விவரப் பட்டியலில் போட்டிருக்கும் எண் பொய்யல்ல. ஆனால் அந்தச் சில நூறு கிராம் இருப்பது உள்ளங்கையில் அல்ல, தண்டின் கடைக்கோடியில். ஒரு மணி நேரம் வீசிய பிறகு முழங்கை அதைக் கிலோவில் சொல்லும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? காயில் பெரிதானால் ஆழமும் கூடும் என்பது பாதி உண்மை. காயிலின் அளவைத் தாண்டிப் போகப் போக, அதன் காந்தப்புலம் மிக வேகமாகத் தேய்கிறது. தொலைவு இரட்டித்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். நாணயத்திலிருந்து திரும்பும் புலமும் அதே விதமாகத் தேய்ந்துதான் மேலே வருகிறது. ஆக, வந்து சேருவது 64-இல் ஒரு பங்கு. இந்தச் சரிவை எதிர்த்துக் காயிலை அகலப்படுத்தினால், ஒற்றை நாணயத்துக்குக் கிடைப்பது சில விரற்கடை கூடுதல் ஆழம். அதற்குள் பெரிய தட்டு தன் கீழே உள்ள மண்ணையும் அதிகமாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. மண்ணில் இரும்புத் தாது மிகுந்திருந்தால் உணர்திறனைக் குறைத்தே ஆக வேண்டும். கிடைத்த விரற்கடையும் அதோடு போயிற்று. மெல்லிய சங்கிலியும் குட்டிக் காதணியும் மேலாகக் கிடந்தாலும் பல நேரம் பெரியதன் கண்ணில் படுவதில்லை. பானை அளவுள்ள பொருள் ஆழத்தில் இருந்தாலோ, குப்பையற்ற அகன்ற மணல்வெளியைச் சீக்கிரம் அலச வேண்டுமென்றாலோ, அப்போது அது கெட்டிக்காரத்தனம்தான். மறுக்கவில்லை.

6 அங்குலத்தைப் பற்றி எழுதும்போது எனக்குக் குரலே மாறிவிடுகிறது. இடிந்த கட்டடத்தைச் சுற்றி ஆணி விரவிக் கிடக்கும் இடங்களை நான் 11 அங்குலத்தோடு கைவிட்டிருந்தேன். ஆணியும் நாணயமும் அருகருகே கிடந்தால் இரண்டும் ஒருசேரத் தட்டின் கீழ் வந்துவிடும். ஆணியின் குரல் நாணயத்தை அமுக்கிவிடும். இது பழைய தொல்லைதான். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் செய்த கருவியை, படுக்கையிலிருந்த உலோகச் சுருள்கள் குழப்பியதாகச் சொல்வார்கள். அதே ஆணிக்காட்டில் 6 அங்குலத்தை மெதுவாக நகர்த்தினால், ஆணிகளின் இரண்டு உறுமல்களுக்கு நடுவே சுருக்கமாக, பிசிறில்லாமல் நாணயத்தின் மணியோசை. நின்ற இடத்திலேயே சுற்றி வந்து குறுக்காக வீசினாலும் அதே புள்ளியில் அதே ஓசை. தோண்டலாம் என்று அப்போதே கை பரபரக்கும். செடித் தூர்களுக்கு இடையிலும் சுவர் ஓரத்திலும் அது நுழைகிற நுழைவு தனி. விலையாகக் கொடுப்பது பொறுமை. டபுள் டி காயிலில் இரண்டு கம்பிச்சுற்றுகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அந்த இடத்துக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் பட்டைதான் துடைப்பம் போலத் தரையைக் கூட்டுகிறது. 6 அங்குலத்தில் துடைப்பம் சின்னது. அடிமேல் அடி வைத்தால்தான் இடம் விடுபடாது.

ஒரு வட்டச் சுற்றுக்குள் இன்னொரு வட்டச் சுற்று இருக்கும் கான்சென்ட்ரிக் வகையைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். தாது குறைந்த மண்ணில் அது பொருளின் இடத்தைத் துல்லியமாகக் காட்டும்; ஆனால் அதன் புலம் கூம்பு போல ஆழத்தில் குறுகுவதால் ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் நன்றாக ஏற வேண்டும். மண் மோசமானால் டபுள் டி-யே மேல்.

எந்தக் காயிலானாலும் இரண்டு தொல்லைகள் பொது. காயிலின் அடிப்பக்கத்தைக் காக்கும் அடிமூடிக்குள் புகுந்த ஈரக் கருமணல் பொய்யொலி கிளப்பும்; அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். கேபிளைத் தண்டில் இறுகச் சுற்றாவிட்டால், ஆடும் கேபிளும் உளறும். பிளக் பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடலின் காயிலை வாங்க வேண்டாம். கருவி எந்த அலைவெண்ணில், எந்தச் சுருளை எதிர்பார்க்கிறதோ அதுவே வேண்டும்.

நண்பருக்கு என் பதில்: இப்போது எதுவும் வாங்காதீர்கள். கூட வந்த காயிலின் குரல்கள் காதுக்குப் பழகட்டும். கை சும்மா இருக்காது என்றால் சிறியதை வாங்குங்கள், பெரியது வேண்டவே வேண்டாம். என் 6 அங்குலத்தையே எடுத்துக்கொண்டாலும் சந்தோஷம். 15 அங்குலத்தை மட்டும் கேட்காதீர்கள். புதுக் காதோடு அது தண்டில் ஏறிவிட்டது, இரவலாகக்கூடத் தரமாட்டேன்.